ஓரம் கட்டிய பழைய டிவி: அறிகுறி பார்த்து முடிவெடுப்பது எப்படி?

போகிக்கு முந்தைய வாரத்தில் கடலூர் மஞ்சக்குப்பத்திலோ புதுச்சேரி முத்தியால்பேட்டையிலோ நடந்து போனால், ஏதாவது ஒரு வீட்டு வாசலில் பழைய டிவி வெளியே வந்திருக்கும். முன்பெல்லாம் அது டியூப் வைத்த 21 அங்குலப் பெட்டியாக இருக்கும். கடலூர்ப் பக்கம் என்றால் 2006க்குப் பிறகு அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சியாகவும் இருக்கும். இப்போது அவற்றோடு 32 அங்குல எல்இடி டிவிகளும் சேர்ந்துவிட்டன. காயலான் கடைக்காரர் வருவதற்குள் எடுத்துக்கொண்டு போய்ச் சரி செய்யலாமா என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது, படம் காட்டும் பாகம் நன்றாக இருக்கிறதா என்பதைத்தான். பழைய டிவியில் அது பிக்சர் டியூப், எல்இடி டிவியில் அது பேனல். பவர் சப்ளை, மதர்போர்டு, ஸ்பீக்கர், ரிமோட், திரைக்குப் பின்னால் எரியும் பேக்லைட் எது போனாலும் மாற்று கிடைக்கும். டியூபுக்கு இன்று புதிதாக மாற்று இல்லை. பேனல் கிடைத்தாலும் அதற்குக் கொடுக்கும் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் புது டிவியே வாங்கிவிடலாம். ஆகவே கீழே எந்த அறிகுறியைப் பற்றிச் சொன்னாலும், குற்றம் டியூபிலா பேனலிலா அல்லது அதைச் சுற்றி உள்ளவற்றிலா என்பதைத்தான் தேடப் போகிறோம்.

தூக்குவதற்கு முன் கேளுங்கள்

வெளியே வைத்தவர் வீட்டில் இருந்தால் தயங்காமல் கேட்டுவிடுங்கள். எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டது போலவும் ஆயிற்று, பாதி நோயும் தெரிந்துவிடும்.

"அக்கா, இது கடைசியா எப்ப ஓடுச்சு? எப்படிப் போச்சு?"

"சத்தம் நல்லா வந்துச்சு தம்பி, படம் மட்டும் வரல" என்று சொன்னால், எல்இடி டிவியாக இருக்கும் பட்சத்தில் சந்தோஷப்படலாம். அநேகமாகப் பேக்லைட். "இடி இடிச்ச அன்னைக்கு ராத்திரி போச்சு" என்றால் பவர் சப்ளையோ, கேபிள் வழியாக வந்த அதிர்ச்சியில் எச்டிஎம்ஐ பகுதியோ போயிருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் பக்கத்தில் இந்தப் பதில் அடிக்கடி வரும். "கொஞ்ச கொஞ்சமா மங்கிக்கிட்டே வந்துச்சு" என்பது டியூப் டிவியில் கெட்ட செய்தி. "பையன் பந்து அடிச்சிட்டான்" என்றால் நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம். "ஓடுதுப்பா, புதுசு வாங்கிட்டோம், இடம் இல்ல" என்று சொல்பவர்களும் நிறைய உண்டு. கேபிள் டிஜிட்டல் ஆன பிறகு செட்டாப் பாக்ஸை எப்படி இணைப்பது என்று தெரியாமல் வெளியே வந்த நல்ல டியூப் டிவிகள் எத்தனையோ.

ரிமோட், ஸ்டாண்ட் கால்கள், வெளி அடாப்டர் இருந்தால் அதையும் அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். அப்புறம் தேடினால் கிடைக்காது.

கையால், கண்ணால், மூக்கால்

மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே நிறையத் தெரியும். எல்இடி டிவியின் கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மெல்லிய விரிசல், மூலையில் அமுங்கிய தடம், உள்ளே மை கொட்டியது போன்ற கறுப்பு இருந்தால் பேனல் போய்விட்டது. பின்பக்கத் துளைகளில் மூக்கை வைத்தால் கருகிய வாடை வருகிறதா என்று தெரியும். வாடை வந்தால் பவர் சப்ளையில் வேலை இருக்கிறது என்று அர்த்தம், டிவி செத்தது என்று அர்த்தமில்லை.

திருகாணிகளைப் பாருங்கள். கடற்கரையை ஒட்டிய தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம், குருசுக்குப்பம் போன்ற இடங்களில் உப்புக் காற்று உள்ளேயும் போகும். பின்மூடியின் திருகாணித் தலைகள் செதில் செதிலாகத் துருப்பிடித்திருந்தால் உள்ளே போர்டின் செம்புத் தடங்களும் பச்சை பூத்திருக்க வாய்ப்பு அதிகம். ஒன்றிரண்டு பச்சைப் புள்ளிகளைச் சுரண்டிச் சரி செய்யலாம். சின்ன ஐசிகளின் கால்களுக்கு நடுவே பச்சை ஏறிவிட்டால் அந்த மதர்போர்டோடு போராடாதீர்கள்.

டியூப் டிவியில் பின்மூடி இல்லாமல் கிடந்தால் டியூபின் கழுத்தைப் பாருங்கள். விரல் தடிமனில் நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிக் குழாய் அது. அதைச் சுற்றியிருக்கும் செம்புக் கம்பிச் சுருளுக்கு யோக் என்று பெயர். காயலான்காரர்கள் செம்புக்காக அந்த யோக்கை உருவும்போது முதலில் உடைவது அதுதான். கழுத்து அருகே கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளி நிறத்திலோ கறுப்பாகவோ பளபளக்கும் ஒரு பூச்சு இருக்கும். அது பால் போல வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, டியூப் முடிந்தது. ஒரு கருவியும் இல்லாமல் செய்யக்கூடிய மிக உறுதியான சோதனை இது.

மின்சாரம் கொடுக்கும் முறை

தெருவில் கிடந்த டிவியை நேரடியாகப் பிளக்கில் செருகக் கூடாது. ஈரம் இருந்தால் இரண்டு மூன்று நாள் நிழலில் காற்றாட வையுங்கள். பிறகு சீரிஸ் பல்பு வழியாகக் கொடுங்கள். அதாவது 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றை டிவிக்குப் போகும் ஒரு கம்பியின் நடுவே தொடராக மாட்டுவது. எல்இடி பல்பு இதற்கு உதவாது, இழை உள்ள பழைய பல்புதான் வேண்டும். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் உள்ளே ஷார்ட் இல்லை. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் பவர் சப்ளையில் ஏதோ ஒன்று ஷார்ட். அந்த நிலையிலும் பல்புதான் பாரத்தைச் சுமக்கிறது, போர்டு மேலும் கருகாது.

பின்மூடியைக் கழற்றுவதாக இருந்தால் இதைப் படித்துவிட்டுக் கழற்றுங்கள். 230 வோல்ட் ஏசி, டிவிக்குள் போனதும் பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டிசியாக நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சற்று நேரம் அங்கேயே இருக்கும். டியூப் டிவியில் அதைவிடப் பெரிய ஆபத்து, டியூபின் மேல் பக்கத்தில் ரப்பர் மூடி போட்டுப் போகும் தடித்த கம்பி. ஓடும்போது அதில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். டிவியை அணைத்த பிறகும் டியூபே அந்த மின்னேற்றத்தைத் தேக்கி வைத்திருக்கும். அதை எர்த் செய்து இறக்கத் தெரியாதவர்கள் டியூப் டிவியைத் திறக்கவே வேண்டாம். நான் இதில் சமரசம் செய்வதில்லை. எல்இடி டிவியை ஆர்வமுள்ள யாரும் கவனத்தோடு திறந்து பழகலாம். டியூப் டிவியைப் பழைய மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோங்கள். கடலூர் முதுநகரிலும் வில்லியனூரிலும் தேடினால் அப்படி ஒருவர் இன்னும் கிடைப்பார்.

எல்இடி டிவி: சத்தம் வருகிறது, திரை கறுப்பு

இதற்குத்தான் நான் அதிக இடம் ஒதுக்கப் போகிறேன். தூக்கி எறியப்படும் எல்இடி டிவிகளில் திரும்ப ஓட வைக்கச் சுலபமானவை இந்த வகைதான்.

இருட்டறையில் டிவியை ஓட விட்டு, ஒரு டார்ச்சைத் திரைக்கு அருகே சாய்வாகப் பிடியுங்கள். செல்போன் டார்ச்சே போதும். மெனுவை அழுத்திக்கொண்டே வெளிச்சத்தை நகர்த்தினால் எழுத்துகளோ படமோ மங்கலாகத் தெரிகிறதா? தெரிந்தால் பேனல் வேலை செய்கிறது, மதர்போர்டு வேலை செய்கிறது, அவற்றுக்குப் பின்னால் இருக்கும் விளக்கு மட்டும் எரியவில்லை. இந்த ஒரு சோதனைக்கு டிவியைத் திறக்கவே தேவையில்லை.

பேக்லைட் என்பது அலுமினியப் பட்டைகளில் வரிசையாக ஒட்டிய எல்இடிகள். 32 அங்குல டிவியில் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று பட்டைகள் இருக்கும். எல்லாம் தொடராக இணைக்கப்பட்டவை, அதனால் ஒரு எல்இடி விட்டுப்போனாலும் அந்த வரிசை முழுவதும் அணைந்துவிடும். டிவியைப் போட்டதும் திரை ஒரு விநாடி வெளிச்சமாகி உடனே அணைந்தால் அது நல்ல அறிகுறி. பட்டைகளுக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் பகுதி சரியாக இருக்கிறது, பட்டையில் குறையைக் கண்டு தானாக நிறுத்திக்கொள்கிறது என்று பொருள். ஒரு பொட்டு வெளிச்சம்கூட வராவிட்டால் டிரைவர் பகுதியையும் சந்தேகிக்க வேண்டும்.

பட்டைகள் ஏன் போகின்றன? சூடுதான் காரணம். கடையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகப் பேக்லைட்டை 100இல் வைத்து விற்கிறார்கள், வீட்டிலும் அது அப்படியே கிடக்கிறது. மே மாதத்து ஓட்டு வீட்டில், சுவரோடு ஒட்டி மாட்டிய டிவிக்குள் வெப்பம் போக வழி ஏது?

பட்டை மாற்றுவது கடினமான மின்னணு வேலை இல்லை, கை நிதானம் கேட்கும் வேலை. பேனலைத் தூக்க வேண்டியிருப்பதுதான் இதில் முக்கியம். 32 அங்குலத்தை ஒருவர் கவனமாகத் தூக்கலாம், 40க்கு மேல் என்றால் இரண்டு பேர் கட்டாயம். பேனலின் ஓரத்தில் மெல்லிய பிலிம் ரிப்பன்கள் அதன் போர்டுக்குப் போகும். அவற்றில் ஒன்று கிழிந்தால் திரையில் நிரந்தரக் கோடு விழும், அதோடு டிவி முடிந்தது. அதற்கடுத்து வெள்ளைத் தாள்கள் மூன்று நான்கு இருக்கும். எந்த வரிசையில், எந்தப் பக்கம் மேலே இருந்தன என்பதை எடுக்கும்போதே போட்டோ எடுத்து வையுங்கள். வியர்வைக் கையால் தொட்டால் விரல் தடம் படத்தில் நிழலாகத் தெரியும். மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் இந்த வேலையில் உட்கார வேண்டும், தூசி உள்ளே போனால் மறுபடி பிரிக்க நேரும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதிகாலை நேரம் இதற்குச் சௌகரியம்.

வாங்கும்போது பட்டையின் நீளம், ஒரு பட்டையில் எத்தனை எல்இடி, ஒவ்வொன்றும் 3 வோல்ட்டா 6 வோல்ட்டா, கனெக்டர் எந்தப் பக்கம் என நான்கும் பொருந்த வேண்டும். பழைய பட்டையிலேயே ஒரு எண் அச்சடித்திருக்கும், அதை அப்படியே கொடுத்தால் கடைக்காரருக்குப் புரியும். ஊரில் கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி தெருவில் விசாரித்து வரவழைக்கலாம். எரியாத ஒரு எல்இடியை மட்டும் பிடுங்கி மாற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மற்ற எல்இடிகளும் அதே வயதுதான், அதே சூட்டைத் தாங்கியவைதான். சில வாரத்தில் அடுத்தது போகும், மறுபடி பேனலைத் தூக்க வேண்டும். ஒவ்வொரு முறை தூக்கும்போதும் ரிப்பன் கிழியும் அபாயம் இருக்கிறது. 32 அங்குலத்துக்கு முழு செட் சில நூறு ரூபாய் சமாச்சாரம், மொத்தமாக மாற்றிவிடுங்கள்.

மாற்றிய பிறகு செட்டிங்கில் பேக்லைட்டை 50, 60க்குக் குறைத்து வையுங்கள். வீட்டுக்குள் பார்க்க அது தாராளமாகப் போதும், பட்டையும் நீண்ட நாள் வரும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு அறிகுறிகளும் உண்டு. திரையில் வட்ட வட்டமாக வெள்ளைப் பொட்டுகள் தெரிந்தால் எல்இடி மேல் ஒட்டியிருந்த லென்ஸ் கழன்று விழுந்திருக்கிறது. படம் முழுவதும் ஊதா சாயலாக இருந்தால் எல்இடிகளின் மேல்பூச்சு வெந்துவிட்டது. இரண்டுக்குமே வேலை மேலே சொன்னதுதான்.

எல்இடி டிவி: சிவப்பு விளக்கு எரிகிறது அல்லது மினுக்குகிறது, டிவி வரவில்லை

முதலில் ரிமோட்டையே சோதியுங்கள். செல்போனின் முன்பக்கக் கேமராவுக்கு நேராகப் பிடித்துப் பட்டனை அழுத்தினால் ரிமோட் முனையில் வெளிச்சம் மினுங்க வேண்டும். அப்புறம் டிவியின் சொந்தப் பட்டனை அழுத்திப் பாருங்கள்.

பிறகு பின்மூடி. பவர் போர்டில் உருளை வடிவக் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அதுதான் காரணமாக இருக்கலாம். 5 வோல்ட், 12 வோல்ட் வரும் பக்கத்தில்தான் இவை அதிகம் உப்பும். அதே மைக்ரோஃபாரட், அதே அளவு அல்லது அதற்கு மேற்பட்ட வோல்ட், 105 டிகிரி தாங்கும் வகை என்று கேட்டு மாற்றுங்கள். மிகக் குறைந்த செலவில் டிவி எழுந்து உட்காரும் இடம் இது.

கெப்பாசிட்டர் நன்றாக இருந்து, 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் ஒழுங்காக வந்தும் டிவி எழவில்லை என்றால் மதர்போர்டு. டிவியின் பெயர் மட்டும் வந்து அதிலேயே நின்றுவிடுவது, அல்லது மறுபடி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பது ஸ்மார்ட் டிவிகளில் அதிகம். ரீசெட் செய்து பாருங்கள். சரியாகவில்லை என்றால் அதன் மென்பொருளைத் திரும்ப ஏற்ற வேண்டும், அதற்குரிய கருவி உள்ள மெக்கானிக்கிடம் போக வேண்டும். அதுவும் முடியாவிட்டால் யுனிவர்சல் போர்டு என்று ஒன்று இருக்கிறது. வி56, வி59 என்று எண்ணைச் சொல்லிக் கடையில் கேட்கலாம். ஸ்மார்ட் வசதிகள் போய்விடும், ஆனால் எச்டிஎம்ஐ, யுஎஸ்பி, ஏவி எல்லாம் இருக்கும் சாதாரண டிவியாகப் பிழைத்துக்கொள்ளும். அதை மாட்டும்போது பேனலுக்குப் போகும் வோல்ட்டை 3.3, 5, 12 என்று ஒரு ஜம்பரில் தேர்ந்தெடுக்க வேண்டும். 5 வோல்ட் பேனலுக்கு 12 கொடுத்தால் நல்ல பேனல் அந்தக் கணமே போகும். பேனல் எண்ணைப் பார்த்து உறுதி செய்த பிறகே கனெக்டரைச் செருகுங்கள்.

இடிக்குப் பிறகு "நோ சிக்னல்" என்று மட்டும் காட்டும் டிவியைப் பற்றி இரண்டு வரி போதும். எல்லா எச்டிஎம்ஐ துளைகளையும் மாற்றி மாற்றிப் பாருங்கள், பிறகு ஏவி, யுஎஸ்பி. ஒன்று வேலை செய்தாலும் அதைக் கொண்டு டிவியை உபயோகிக்கலாம், பிரிக்கத் தேவையில்லை.

எல்இடி டிவி: கோடுகள், பாதிப் படம்

மேலிருந்து கீழாக வண்ணக் கோடு ஒன்றோ சிலவோ நிற்கிறது. அந்தக் கோட்டுக்கு நேராகச் சட்டத்தின் ஓரத்தை மெதுவாக அழுத்துங்கள். கோடு வந்து வந்து போனால், ரிப்பன் பேனலோடு ஒட்டும் இடம் விட்டுப்போயிருக்கிறது. அதைத் திரும்ப ஒட்டத் தனி எந்திரம் வேண்டும். அட்டையை மடித்து உள்ளே சொருகி அழுத்தம் கொடுக்கும் வைத்தியத்தை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள், அது சில நாளில் விடும். ஒரு மெல்லிய கோடு மட்டும் என்றால் அப்படியே பயன்படுத்துங்கள். டீக்கடையில் கிரிக்கெட் பார்க்கவும், பாட்டி செய்தி கேட்கவும் அது தடையாகாது.

படம் முழுவதும் வெளுத்தோ, நெகட்டிவ் போலவோ, சரியாகப் பாதி மட்டுமோ வந்தால், மதர்போர்டிலிருந்து வரும் படத்தைப் பேனலுக்குப் பிரித்து அனுப்பும் டிகான் போர்டையும் அதற்குப் போகும் தட்டை வயரையும் ஒருமுறை கழற்றித் துடைத்து மாட்டிப் பாருங்கள். நம் கடலோரக் காற்றில் அந்தத் தொடுமுனைகளில் படலம் படிவது சகஜம். அதில் தீர்ந்தால் நல்லது. தீராவிட்டால் பேனல்தான், விட்டுவிடலாம்.

டியூப் டிவி: படம் வருகிறது, ஆனால்...

டியூப் டிவியைச் சரி செய்யலாமா என்பதற்கு முன், யாருக்காக என்று ஒரு தடவை யோசியுங்கள். 21 அங்குலப் பெட்டி 20 கிலோவைத் தொடும், 32 அங்குல எல்இடியைவிட அதிக மின்சாரம் எடுக்கும். ஆனால் பழைய வீடியோ கேசட் பிளேயரோ பழைய வீடியோ கேமோ வைத்திருப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான திரை கிடையாது. அரசு கேபிள் பாக்ஸின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரை அப்படியே மாட்டிப் பார்க்கும் வயதானவர்களுக்கும் இது பழகிய பொருள். பின்னால் ஏவி துளை இல்லாமல் ஆன்டெனா துளை மட்டும் இருந்தால், ஏவி படத்தை ஆன்டெனா துளைக்கு ஏற்றபடி மாற்றித் தரும் மாடுலேட்டர் பெட்டி ஒன்றை நடுவில் வைக்க வேண்டும்.

படம் தெளிவில்லாமல் மங்கலாக வந்து, பத்துப் பதினைந்து நிமிடத்தில் கண்ணாடி துடைத்தது போலத் தெளிவாகிறதா? கடற்கரை ஊர்களின் தனி வியாதி இது. டியூபின் கழுத்தில் மாட்டும் சாக்கெட்டுக்குள் ஈரமும் உப்பும் படிந்து ஃபோகஸ் மின்சாரம் கசிகிறது, சூடானதும் ஈரம் காய்ந்து சரியாகிறது. சாக்கெட்டை மாற்றினால் போதும். டியூப் வீக் என்று சொல்லி இதை ஒதுக்கிவிடுகிறார்கள், அது அநியாயம்.

உண்மையிலேயே டியூப் வீக் என்றால் எப்படி இருக்கும்? படம் வரவே சில நிமிடம் ஆகும். வெளிச்சத்தைக் கூட்டினால் வெள்ளைப் பகுதிகள் வெள்ளிப் பூச்சு போலப் பளபளத்து முகங்கள் தட்டையாகும். எவ்வளவு நேரம் ஓடினாலும் தெளிவு வராது. சில மெக்கானிக்குகள் டியூபுக்கு ஷாக் கொடுத்து எழுப்புவார்கள், அது தற்காலிகம். இப்படி இருந்தால் வேண்டாம்.

திரை நடுவே கிடைமட்டமாக ஒரே ஒரு வெள்ளைக் கோடு நின்றால் பயப்படத் தேவையில்லை. படத்தை மேலும் கீழும் விரிக்கும் வெர்டிகல் ஐசியோ, அதன் காலடியில் பற்றவைப்பு விட்டுப்போன டிரை சோல்டரோதான். டியூபுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த நிலையில் நெடுநேரம் ஓட விடாதீர்கள், கோடு இருக்கும் இடத்தில் திரைப்பூச்சு எரிந்து தடம் பதியும்.

மூலைகளில் பச்சை, ஊதாத் திட்டுகள் தெரிந்தால் அருகில் ஸ்பீக்கர் இருக்கிறதா பாருங்கள். அதை நகர்த்தி, டிவியை அரை மணி நேரம் அணைத்து வைத்துப் போடுங்கள். போடும் ஒவ்வொரு முறையும் டிவி தானே காந்தத்தை நீக்கிக்கொள்ளும், அதற்குள் இருக்கும் பாகம் ஆறியிருந்தால்தான் அது நடக்கும். அப்படியும் போகவில்லை என்றால் போசிஸ்டர் என்ற அந்தப் பாகத்தை மாற்றச் சொல்லுங்கள்.

படம் முழுவதும் ஒரே நிறமாகி, குறுக்கே மெல்லிய கோடுகள் ஓடுவது இரண்டு விதமாக முடியலாம். கழுத்துப் போர்டில் ஒரு டிரான்சிஸ்டர் போயிருந்தால் சின்ன வேலை. டியூபுக்குள்ளேயே ஷார்ட் என்றால் முடிவு. மெக்கானிக் மீட்டர் வைத்து உடனே சொல்லிவிடுவார்.

டியூப் டிவி: உயிரே இல்லை, அல்லது டிக் டிக் சத்தம்

ஃபியூஸ் மட்டும் போயிருந்தால் காரணம் தேடாமல் புது ஃபியூஸ் போடாதீர்கள். போசிஸ்டர், டயோடு, பவர் டிரான்சிஸ்டர் என்று வரிசையாகப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். டிக் டிக் என்று அடித்துக்கொண்டு எழ முடியாமல் தவித்தால், லைன் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகிப் பவர் சப்ளையை இழுக்கிறது. டிரான்சிஸ்டரை மாற்றியும் அது மறுபடி சூடாகிப் போனால், எல்ஓடி என்று மெக்கானிக்குகள் சொல்லும் உயர் அழுத்த டிரான்ஸ்ஃபார்மர்தான் குற்றவாளி. அதன் உடலில் வெடிப்பு, ஓடும்போது உஸ் என்ற சத்தம், கூர்மையான ஓசோன் வாடை இவற்றில் ஏதாவது ஒன்றாவது இருக்கும். அந்தக் குறிப்பிட்ட மாடலுக்கான எல்ஓடி இப்போது கிடைப்பது சிரமம். டியூப் நல்ல நிலையில் இருந்தால், போர்டு முழுவதையும் மாற்றும் கிட் ஒன்றை மெக்கானிக் பழைய சரக்கில் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லை என்றால் அந்த டிவியை இன்னொரு டிவிக்கு உதிரி பாகமாக வைத்துக்கொள்வதே சரி.

மரப்பெட்டியும் இழுக்கும் கதவுமாக, சாலிடேர், டயனோரா காலத்துக் கறுப்பு வெள்ளை டிவி கிடைத்தால் மட்டும் என் கணக்கு மாறும். ஓடாவிட்டாலும் அதை உடைக்க விடாதீர்கள். பெட்டிக்கே விரும்பிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவற்றில் சிலவற்றின் உள் உலோகச் சட்டமே மின்சாரத்தோடு நேரடித் தொடர்பில் இருக்கும் என்பதால், பின்மூடி இல்லாமல் பிளக்கில் செருகவே கூடாது.

வெள்ளத்தில் நனைந்த டிவி

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவேதான் கரையேறியது. 2015இல் கடலூர் வெள்ளம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது 24 மணி நேரத்தில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது, அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை பெருகிக் கடலூரிலும் தண்ணீர் புகுந்தது. ஒவ்வொரு முறையும் வெள்ளம் வடிந்த பிறகு தெருவெல்லாம் டிவி. ஆகவே இதை நம் ஊர்க்காரர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

எந்தத் தண்ணீர் என்பதுதான் இங்கே முக்கியம். கூரை ஒழுகி மழைத் தண்ணீர் பட்டதென்றால் நல்ல நம்பிக்கை உண்டு. கெடிலம், தென்பெண்ணை, அரியாங்குப்பம் ஆறு இவற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய தெருக்களில் வெள்ளத்தோடு கடல் நீரும் கலந்து வரும். தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு காயாது. அது போர்டில் அப்படியே தங்கி, காற்றில் ஈரம் ஏறும்போதெல்லாம் செம்பை அரித்துக்கொண்டே இருக்கும்.

நனைந்து ஓரிரு நாள்தான் ஆகியிருக்கிறது, யாரும் மின்சாரம் கொடுத்துப் பார்க்கவில்லை என்றால் போர்டுகளைக் காப்பாற்றலாம். அவற்றைக் கழற்றி நல்ல தண்ணீரில் சேறு போகக் கழுவி, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷும் கொண்டு துடைத்து, வெயில் நேரடியாகப் படாத இடத்தில் ஒரு வாரம் காய வையுங்கள். பேனலுக்கு இந்த வைத்தியம் இல்லை. அதன் அடுக்குகளுக்குள் தண்ணீர் ஏறினால் கீழ் ஓரத்தில் மேகம் போன்ற கறை நிற்கும், கீழே ரிப்பன்கள் இருக்கும் பகுதியும் அரிக்கும். கீழ் ஓரம் முங்கிய எல்இடி டிவியை எடுக்காதீர்கள். டியூப் டிவியில் டியூபுக்குத் தண்ணீரால் கெடுதல் இல்லை. உயர் அழுத்தப் பகுதியில் ஒட்டிய சேறும் உப்பும்தான் பொறி அடிக்கும், அதைச் சுத்தமாகக் கழுவிக் காய வைத்துத் தர மெக்கானிக்கால் முடியும். நனைந்து பல மாதம் கொட்டகையில் கிடந்தது என்றால் இரண்டு வகையிலும் வேண்டாம்.

எடுக்க முடியாதவற்றை என்ன செய்வது?

பேனல் உடைந்த எல்இடி டிவியில்கூட மதர்போர்டு, பவர் போர்டு, ஸ்பீக்கர், நல்ல பட்டைகள், ரிமோட், ஸ்டாண்ட் எல்லாம் உபயோகமானவை. போர்டு எண்ணோடு கொடுத்தால் மெக்கானிக்குகள் வாங்கிக்கொள்வார்கள். ஸ்மார்ட் டிவி ஓடும் நிலையில் இருந்தால், கைமாற்றுவதற்கு முன் பழைய வீட்டாரின் கணக்குகளை ரீசெட் செய்து அழித்துவிடுங்கள். அவர்களுடைய மின்னஞ்சலும் பணம் கட்டும் விவரமும் அதில் இருக்கக்கூடும்.

டியூபை மட்டும் யாரையும் உடைக்க விடாதீர்கள். உள்ளே வெற்றிடம் என்பதால் கண்ணாடி வெடித்துச் சிதறும். அதன் புனல் பகுதிக் கண்ணாடியில் ஈயம் அதிகம். முன்திரையின் உள்பூச்சும் மூச்சில் போகக் கூடாத தூள். எல்இடிக்கு முந்தைய எல்சிடி டிவிகளில் பேக்லைட்டாக மெல்லிய குழல் விளக்குகள் இருக்கும், அவற்றில் பாதரசம் உண்டு. அவற்றையும் முழுசாகவே கொடுக்க வேண்டும். யோக்கின் செம்புக்காக வயரைக் கொளுத்துவதை உங்கள் தெருவில் பார்த்தால் நிறுத்தச் சொல்லுங்கள், அந்தப் புகையைச் சுவாசிப்பது நம் வீட்டுப் பிள்ளைகள்தான்.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி டிவியும் மின்னணுக் கழிவு. அனுமதி பெற்ற மறுசுழற்சியாளர்கள் யார் என்பதைக் கடலூரில் இருப்பவர்கள் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும், புதுச்சேரியில் இருப்பவர்கள் புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஒற்றை டிவிக்காக வண்டி அனுப்ப யோசிப்பார்கள் என்பதால், தெருவில் நாலைந்து வீட்டுப் பழைய சாமான்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு அழையுங்கள். அதுவரை டியூப் டிவியை மழை படாத இடத்தில், திரை சுவரைப் பார்த்திருக்க, பின்மூடியோடு வையுங்கள்.